ஊசி போட்ட கையோடு ஸ்டியரிங் பிடித்தவர்

மலையில் வேலைக்கு வந்திருக்கும் இளைய டாக்டர்களுக்கு முதலில் ஒரு வாக்குமூலம். எனக்கு மலைப்பாதை ஆகாது. வத்தலக்குண்டில் பஸ் ஏறினால் கொடைக்கானல் வந்து சேர்வதற்குள் மூன்று முறை வாந்தி எடுப்பேன். அதுவும் ஜன்னலோர சீட்டு கிடைத்தால் மட்டும். கிடைக்காத நாளில் பக்கத்தில் உட்கார்ந்தவரின் வேட்டிக்கு நான் பொறுப்பில்லை. இப்படிப்பட்ட ஒருவன் செண்பகனூரில், சாலையோரத்துச் சின்ன டிஸ்பென்சரி ஒன்றில் பதினோரு வருடம் டாக்டராக இருந்தான் என்றால் அது சேவை மனப்பான்மை என்று மேடையில் சொல்வார்கள். உண்மைக் காரணம், கீழே இறங்கிப் போகப் பயம்.

ஓய்வு பெற்றவனைப் பேசச் சொன்னால் சாதனைகளை எடுத்து விடுவான். என்னிடம் அந்தச் சரக்கு குறைவு. தவறுகள் நிறைய இருக்கின்றன, நல்ல தரமானவை. அதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒரு ஆள் செத்துப் போயிருப்பார். நோயால் அல்ல, என் புத்திசாலித்தனத்தால்.

எழுபதுகளின் பின்பாதி. கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு ஓடிய ஒரு தனியார் கம்பெனி பஸ்ஸின் டிரைவர் வெள்ளைச்சாமி. நாற்பத்தைந்து வயது இருக்கும். மீசை அவருக்கு முன்னால் வளைவில் திரும்பும். அவ்வளவு பெரிய மீசைக்குப் பின்னால் இழுப்பு நோய், அதாவது ஆஸ்துமா. மார்கழிப் பனி இறங்கினால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். காலை முதல் வண்டியை மேலேயிருந்து எடுத்துவந்து என் டிஸ்பென்சரி வாசலில் நிறுத்துவார். கண்டக்டர் பாண்டி குதித்து டயருக்குக் கட்டை போடுவதற்குள் இவர் உள்ளே வந்து சட்டைக் கையைச் சுருட்டியிருப்பார்.

“டாக்டரய்யா, வெரசா ஒண்ணு போட்டு விடுங்க. அம்பது பேரு உக்காந்திருக்கான்.”

அட்ரினலின் ஊசி. நீங்கள் இன்றைக்கு மூச்சில் இழுக்கும் மருந்தைக் கையில் கொடுத்து அனுப்புகிறீர்கள். எங்களுடையது போன்ற சின்ன இடங்களில் அன்று அட்ரினலின்தான் கைமருந்து. தோலுக்கடியில் கொஞ்சம் போட்டால் ஐந்து நிமிடத்தில் நெஞ்சு திறந்துகொள்ளும். கூடவே கை லேசாக நடுங்கும், நெஞ்சு படபடக்கும். பயந்தால் உடம்பு தானே சுரக்கும் அதே ஹார்மோன்தானே, அதைத்தான் சிரிஞ்சில் ஏற்றிக் கொடுக்கிறோம். வெள்ளைச்சாமி பஞ்சைப் புஜத்தில் அழுத்திக்கொண்டே போய் ஸ்டியரிங்கைப் பிடித்துவிடுவார்.

இதில் எனக்குப் பெருமை வேறு. பயணிகள் ஜன்னலில் இருந்து கும்பிடுவார்கள். ‘பஸ் டாக்டர்’ என்று எனக்குப் பெயர். எங்கள் நர்ஸ் எஸ்தர் சிஸ்டர்தான் ஒருநாள் சொன்னார்.

“ஊசி போட்ட ஆள ஒரு அரை மணி நேரம் உக்கார வச்சு அனுப்பலாமே டாக்டர்?”

“அம்பது பேரை எங்கே உட்கார வைப்பது சிஸ்டர்? உங்கள் வீட்டிலா?”

நான் சொன்ன நகைச்சுவைக்கு நானே சிரித்தேன். எஸ்தர் சிஸ்டர் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காத என் நகைச்சுவைகளை மட்டும் அன்றே ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால் எனக்குப் பாதி மருத்துவம் கைவந்திருக்கும்.

அந்த மார்கழியில் ஒருநாள், ஊசி போட்டுக்கொண்டு போய்ப் பதினைந்து நிமிடம் ஆகியிருக்கும். வெள்ளி நீர்வீழ்ச்சியைத் தாண்டி, பெருமாள்மலை வருவதற்கு முன்னால் ஒரு வளைவு. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். மூடுபனிக்குள் நடுரோட்டில் ஒரு காட்டுமாடு நின்றிருந்தது. வெள்ளைச்சாமி பிரேக் போட்டார். பஸ் ஒரு முழம் தள்ளி நின்றது. காட்டுமாடு அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு மெதுவாக மேட்டில் ஏறிப் போய்விட்டது. அவ்வளவுதான். யாருக்கும் அடி இல்லை. பாண்டி தூங்கிக்கொண்டிருந்தவன் கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் வெள்ளைச்சாமி என் வீட்டுக்கு வந்தார். டிஸ்பென்சரிக்கு வரவில்லை என்பதைக் கவனியுங்கள். வீட்டில் அவருடைய சீட்டு இல்லை, பழைய குறிப்பு இல்லை, எஸ்தர் சிஸ்டரும் இல்லை. பனிக்காலம் முடிந்து அவருக்கு இழுப்பும் விட்டிருந்தது.

“டாக்டரய்யா, சொன்னாச் சிரிப்பீங்க.”

“சிரிப்பது என் தொழில். சொல்லுங்கண்ணே.”

“அந்த மாடு நின்ன வளைவு. அங்கன போனாலே கை என் கையா இல்ல. வேர்த்துக் கொட்டுது. வண்டிய ஓரங்கட்டி நிப்பாட்டிட்டு அஞ்சு நிமிசம் உக்காந்துட்டுத்தான் எடுக்கேன். இருபது வருசமா இந்த ரோட்டுல கெடக்கேன். மரம் விழுந்திருக்கு. பிரேக்கு புடிக்காம பாறையில ஒரசி வண்டிய நிப்பாட்டியிருக்கேன். அன்னைக்கெல்லாம் வீட்டுக்குப் போயி சோத்தத் தின்னுட்டு நிம்மதியாத் தூங்கினவன். இங்க ஒண்ணுமே நடக்கல. ஒரு மாடு நின்னுச்சு, போச்சு.”

“பிரேக் பிடிக்காமல் போன அன்றைக்கு ஊசி போட்டிருந்தீர்களா?”

“அப்ப எனக்கு இழுப்பே கெடையாதுங்களே.”

எனக்குள் மணி அடித்தது. இங்கே கொஞ்சம் பாடம் நடத்த வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் மூளைக்குள் இரண்டு பக்கமும் வாதாம்பருப்பு அளவில் ஒரு பகுதி இருக்கிறது, அமிக்டலா. எது ஆபத்து, எந்த இடத்தில் வந்தது என்று பதிந்து வைப்பதில் அதற்குப் பெரிய பங்கு. எல்லாவற்றையும் அது ஒரே அழுத்தத்தில் பதிவதில்லை. பயம் வந்ததும் உடம்பில் அட்ரினலின் ஏறுகிறது. அந்த ஹார்மோன் நேரே மூளைக்குள் நுழைவது அரிது. ஆனால் நரம்பு வழியாகச் சேதி போகிறது: இது முக்கியம், அழுத்தி எழுது. எலிகளை வைத்துச் சோதித்தவர்கள் இதை அப்போதே சொல்லத் தொடங்கியிருந்தார்கள். ஒரு பத்திரிகையில் அதைப் படித்துவிட்டு நான் எஸ்தர் சிஸ்டரிடம் ஒரு வாரம் அளந்துகொண்டிருந்தேன். லேசாகப் பயந்த எலிக்கு அட்ரினலின் போட்டால் அது ரொம்பப் பயந்த எலி போல நினைவு வைத்துக்கொள்கிறது. மனிதர்களிடமும் இந்த ஹார்மோன்கள் இப்படி வேலை செய்வதைப் பிற்பாடு பார்த்தார்கள்.

வெள்ளைச்சாமிக்கு நடந்ததும் இதுதான் என்று எனக்குப் பட்டது. பத்து நிமிடத்தில் மறந்திருக்க வேண்டிய ஒரு மாட்டை, என் ஊசி அவர் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்ததால், மூளை கல்லில் வெட்டி வைத்துவிட்டது. ஒரு டிரைவரை வைத்து எதையும் நிரூபித்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கதையில் மாட்டை விட என் பங்கு பெரியது என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

“கம்பெனி மேனேஜருக்குத் தெரிஞ்சு போச்சு டாக்டரய்யா,” என்றார் வெள்ளைச்சாமி. “இன்னொரு தடவ அங்கன வண்டிய நிப்பாட்டினா ஷெட்டுல வண்டி கழுவப் போன்னு சொல்லிட்டாரு. ஓட்டுறதத் தவிர எனக்கு எந்தச் சோலியும் தெரியாது.” அந்த மீசை நடுங்குவதை முதல் முறையாகப் பார்த்தேன்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? என் ஊசிதான் காரணமாக இருக்கலாம் என்று அவரிடம் சொல்லிவிட்டு, நாளை டிஸ்பென்சரிக்கு வாருங்கள், உட்கார்ந்து யோசிப்போம் என்றிருக்க வேண்டும். ஆனால் புதிதாக ஒன்றைப் படித்தவன் கையில் சுத்தியல் கிடைத்த குழந்தை மாதிரி. அட்ரினலின்தானே வில்லன்? அட்ரினலின் வேலை செய்யும் வாசலை அடைத்துவிடும் மாத்திரை ஒன்று இருக்கிறதே, பிராப்ரனலால்! படபடப்புக்கும் ரத்த அழுத்தத்துக்கும் கொடுப்பது. மேடையில் கை நடுங்கும் வயலின்காரர்கள்கூடப் போட்டுக்கொள்வார்களாம். அலமாரியில் மாதிரி மாத்திரைகள் இருந்தன. ஒன்றைப் பிய்த்துக் கொடுத்தேன்.

“காலையில் வண்டி எடுக்க ஒரு மணி நேரம் முன்னால் போடுங்கள். கை ஆடாது.”

எதைக் கொடுத்தேன் என்பது எனக்குத் துல்லியமாக நினைவிருந்தது. அந்த மனிதருக்கு அட்ரினலினை எதற்காகக் கொடுத்தேன் என்பது மட்டும் மறந்துபோயிருந்தது. உங்களில் சிலருக்கு இப்போதே புரிந்திருக்கும். எனக்கு அன்று புரியவில்லை. நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை ஏழேகால். பஸ் வாசலில் வந்து வேகம் குறைந்தது. வெள்ளைச்சாமி ஜன்னலில் தலையை நீட்டினார். முகமெல்லாம் சிரிப்பு.

“டாக்டரய்யா! வெள்ளனே ஆறு மணிக்கே போட்டுட்டேன்! கை கல்லு மாதிரி நிக்கிது!”

நான் கையை ஆட்டினேன். பஸ் வளைந்து மறைந்தது. உள்ளே திரும்பி எஸ்தர் சிஸ்டரிடம் நடந்ததைச் சொன்னேன். பாராட்டு எதிர்பார்த்தேன். அவர் கொதிக்கும் தண்ணீரிலிருந்து சிரிஞ்சுகளை எடுத்துக்கொண்டிருந்தார். இடுக்கி அந்தரத்தில் நின்றது.

“எந்த வெள்ளைச்சாமிக்கு?”

“நம் டிரைவருக்குத்தான்.”

“அவருக்கு இழுப்பு இருக்கே டாக்டர்.”

அவ்வளவுதான் சொன்னார். அந்த மாத்திரை அட்ரினலினுக்கு இதயத்தில் மட்டும் கதவை அடைப்பதில்லை, மூச்சுக் குழாயிலும் அடைக்கும். சாதாரண ஆளுக்கு ஒன்றும் தெரியாது. இழுப்பு உள்ளவருக்கு மூச்சுக் குழாய் அப்படியே சுருங்கிப் பூட்டிக்கொள்ளலாம். இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். ஆறு மணிக்குப் போட்டிருக்கிறார். மருந்து முழு வேகத்தில் ஏறும் நேரத்தில் ஐம்பது பேரை வைத்துக்கொண்டு மலையில் இறங்கிக்கொண்டிருப்பார்.

என் ஸ்கூட்டரை உதைத்தேன். பத்து உதை வாங்கியும் கிளம்பவில்லை. அது என் மனைவி மாதிரி, நான் பதற்றமாக இருந்தால் பேசாது. அப்போது கேரட் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று மேலேயிருந்து வந்தது. நடுரோட்டில் போய் நின்று கையை விரித்தேன். ஓட்டி வந்தவர் மாணிக்கம், இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு இங்கே வந்து குடியேறியவர். அவர் குழந்தைகளுக்கு நான்தான் வைத்தியம்.

“ஐயா, சாக வேற எடம் கெடைக்கலையா?”

“முன்னால் போகிற பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் மாணிக்கம். டிரைவர் உயிர்.”

“எங்க லொறி பஸ்ஸ முந்தினதா சரித்திரமே இல்லையே ஐயா,” என்றபடியே கதவைத் திறந்துவிட்டார். எஸ்தர் சிஸ்டர் என் பையை ஜன்னல் வழியாக மடியில் எறிந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை என் உடம்பு இன்னும் மறக்கவில்லை. மாணிக்கம் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் பின்னால் மூட்டைகள் சரிந்து மோதின. டயர் ஓரத்துக் கற்களைத் தட்டி அவை பள்ளத்தில் விழும் சத்தம் கேட்டது. நான் வாந்தி எடுக்க மறந்துபோனேன், என் வாழ்க்கையிலேயே முதல் முறை.

“மெதுவாக…” என்றேன்.

“வேகமாவா மெதுவாவா? ஒண்ணு சொல்லுங்க ஐயா.”

“வேகமாக.”

“அப்பக் கண்ண மூடிக்கங்க. நுவரெலியா ரோட்டுல ஓட்டினவன் நானு.”

கண்ணை மூடினால் பஸ் பள்ளத்தில் கிடப்பது தெரிந்தது. திறந்தேன். வெள்ளி நீர்வீழ்ச்சி பின்னால் போனது. அடுத்து அந்த வளைவு. பஸ் அங்கே நின்றிருந்தது.

சாலையில்தான் நின்றிருந்தது. சக்கரத்தில் கட்டை. பயணிகள் இறங்கி நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். வத்தலக்குண்டு சந்தைக்குப் பேரிக்காய்க் கூடையோடு கிளம்பிய ஒரு அம்மாள் உரக்கச் சொன்னார்: “பயந்தாங்கொள்ளி ஆளுக்கெல்லாம் மலை ரோட்டுல வண்டியக் குடுத்தா இப்பிடித்தான்!”

பாண்டி ஓடி வந்தான். “அண்ணனுக்கு மறுபடி அந்தப் பயம் வந்திருச்சு டாக்டர். மொகத்தக் கழுவி விட்டேன், எந்திரிக்க மாட்டேங்குறாரு.”

வெள்ளைச்சாமி பஸ் படியில் உட்கார்ந்து இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றியிருந்தார். உதடு நீலம். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். இழுப்புச் சத்தம் கேட்டிருந்தால் பயந்திருக்க மாட்டேன். ஒன்றுமே கேட்கவில்லை. காற்று உள்ளே போகவில்லை என்று அர்த்தம்.

“பயம்… இல்ல… டாக்டரய்யா,” என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு செலவானது. “கை… ஆடல… மூச்சு…”

சாகப் போகிற நிலையிலும் அந்த மனிதர் தன் கையைப் பற்றி எனக்கு நற்சான்று கொடுத்துக்கொண்டிருந்தார். மூச்சு அடைக்கத் தொடங்கியதுமே வண்டியை ஓரங்கட்டி, கியரில் போட்டு, கட்டை போடச் சொல்லி, அதற்கப்புறம்தான் படியில் சரிந்திருக்கிறார்.

“பயம் இல்லண்ணே. நான் கொடுத்த மாத்திரை.”

சத்தமாகத்தான் சொன்னேன். சத்தம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் என் பக்கம் திரும்பினார்கள். பிறகு பேரிக்காய் அம்மாள் கேட்டார்: “அப்ப ஆளக் கொல்லப் பாத்தது இவருதானா? இவரா மறுபடி ஊசி போடப் போறாரு?”

நியாயமான கேள்வி. பதில் சொல்ல நேரமில்லை. பையைத் திறந்தேன். என் கை தானாகவே போய் அட்ரினலின் ஆம்பியூலை எடுத்தது. பல வருடப் பழக்கம், வெள்ளைச்சாமி என்றால் அட்ரினலின். அதன் கண்ணாடிக் கழுத்தை ஒடிக்க விரல் வளைந்துவிட்டது.

இளைய டாக்டர்களே, அந்த ஒரு கணத்துக்காகத்தான் இவ்வளவையும் சொல்கிறேன். அவசரத்தில் மூளை புதிதாக யோசிப்பதில்லை, பழகியதை எடுத்து நீட்டும். நானே மாத்திரையால் கதவைச் சாத்திவிட்டு, அதே கதவை அட்ரினலினைக் கொண்டு தட்டப் போகிறேன். மூச்சுக் குழாய் திறக்காது. ரத்த அழுத்தம் மட்டும் தாறுமாறாக ஏறும். விரலை நிறுத்தினேன். ஆம்பியூலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன், கண்ணில் பட்டால் மறுபடி கை போகும் என்று.

மூச்சுக் குழாயைத் தளர்த்தும் இன்னொரு மருந்து, அமினோஃபிலின், பையில் இருந்தது. அதற்கு வேறு வாசல். ஆனால் அதை ரத்தக் குழாயில் மெதுவாக ஏற்ற வேண்டும், குளுக்கோஸில் கலந்து பத்து நிமிடத்துக்குக் குறையாமல். அவசரப்பட்டுத் தள்ளினால் இதயம் நின்றுபோகும். ஊசி ரத்தக் குழாயில் ஏறியது. முதல் முறையிலேயே ஏறியது எனக்கே ஆச்சரியம். மாணிக்கம் என் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டார்.

ஒரு நிமிடம். வெள்ளைச்சாமியின் தலை பாண்டி தோளில் சாய்ந்தது.

“வெரசாத் தள்ளுங்களேன்யா! ஆளு போறாரு!” என்று கத்தினார் ஒருவர். இன்னொருவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“ஏலே, டாக்டர் மேல கைய வச்சே, கூடைய எடுத்து மண்டையில போட்ருவேன்!” என்றார் பேரிக்காய் அம்மாள். எப்போது என் பக்கம் வந்தார் என்று தெரியாது. ஒருவேளை கொல்வதானாலும் நிதானமாகக் கொல்கிறானே என்று நம்பிக்கை வந்திருக்கலாம்.

நான்கு நிமிடம். வெள்ளைச்சாமியின் கண் மேலே போகத் தொடங்கியது. என் கட்டைவிரல் தள்ளு தள்ளு என்கிறது. தள்ளினால் ஏதோ செய்கிறோம் என்ற திருப்தி எனக்கு. அந்தத் திருப்தியில் அவர் செத்துவிடுவார். என் வேர்வை சிரிஞ்சின் மேல் சொட்டியது. மாணிக்கம் மெதுவாக எண்ணிக்கொண்டே இருந்தார், நூறு மூட்டை இறக்குகிற நிதானத்தில்.

ஏழாவது நிமிடம் ஒரு சத்தம் கேட்டது. வெகு தூரத்தில் பூனைக்குட்டி கத்துவது போல மெலிசான விசில். இழுப்பு! வெள்ளைச்சாமியின் நெஞ்சில் மறுபடியும் இழுப்பு கேட்டது. இழுப்பு கேட்டால் காற்று போகிறது என்று அர்த்தம். நான் வாய்விட்டுச் சிரித்தேன். பயணிகள் இரண்டு அடி பின்னால் நகர்ந்தார்கள். டாக்டருக்குப் புத்தி போய்விட்டது என்று நினைத்திருப்பார்கள்.

பாண்டி பெருமாள்மலைக்கு ஓடி வேறு டிரைவரைக் கூட்டி வந்தான். பஸ் கீழே போனது. வெள்ளைச்சாமியைக் கேரட் மூட்டைகளின் மேல் சாய்த்து, பக்கத்தில் நானும் உட்கார்ந்து, மறுபடி மேலே ஏறினோம். மாத்திரையின் வேகம் முழுதாக இறங்கும்வரை எஸ்தர் சிஸ்டரும் நானும் மாற்றி மாற்றிப் பக்கத்திலேயே இருந்தோம். சிஸ்டர் அரை மணிக்கு ஒரு தரம் அவர் நாடியை எண்ணிச் சீட்டில் எழுதினார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

இரண்டு நாள் கழித்துக் கம்பெனி மேனேஜர் வந்தார். நாகரிகமான மனிதர்.

“டாக்டர், பயத்துல வண்டிய நிப்பாட்டிட்டான், வேலைக்கு லாயக்கில்லன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துருங்க. உங்க பேரும் வெளிய வராது. மாத்திரை கீத்திரைனு பசங்க என்னமோ பேசிக்கிறாங்க, அதையெல்லாம் நாங்க நம்பல.”

எவ்வளவு வசதியான கதவு. வெள்ளைச்சாமி ஷெட்டுக்குப் போவார், என் பெயர் சுத்தமாக இருக்கும். ஒரு நிமிடம் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், பொய் சொல்ல மாட்டேன். எஸ்தர் சிஸ்டர் அடுத்த அறையில் இடுக்கியைத் தட்டில் வைத்தார். டிங் என்று ஒரு சத்தம். நான் பேனாவை எடுத்தேன். ‘இவர் வண்டியை நிறுத்தியது பயத்தால் அல்ல. இழுப்பு நோயாளிக்குக் கொடுக்கக் கூடாத மாத்திரையை நான் கொடுத்தேன். மூச்சு நிற்கும் நிலையிலும் ஐம்பது பேரோடு வண்டியைப் பத்திரமாக நிறுத்தியவர் வேலைக்குத் தகுதியானவர்.’ அந்த வளைவில் முன்பு அவருக்கு வந்த பயத்துக்கும் நான் போட்ட ஊசி காரணமாக இருக்கலாம் என்பதையும், அது தீரும்வரை ஒரு மாதம் அவகாசம் வேண்டும் என்பதையும் கீழே சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

மேனேஜர் இரண்டு தடவை படித்தார். “நெசமாவே இதத்தான் குடுக்குறீங்களா?”

“உங்களுக்கு டைப் அடித்து வேண்டுமானால் நாளை வாருங்கள்.”

ஒரு மாதம் கிடைத்தது. டிஸ்பென்சரிச் சுவரில் எஸ்தர் சிஸ்டர் ஒரு அட்டை தொங்கவிட்டார்: ‘ஊசி போட்டவர் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். டாக்டர் அவசரப்படுத்தினாலும்.’

பிறகு வெள்ளைச்சாமியை அந்த வளைவுக்குக் கூட்டிப் போனேன். மாத்திரையும் இல்லை, ஊசியும் இல்லை. முதல் நாள் மாணிக்கத்தின் காலி லாரியில் போய் இறங்கி, ஓரத்துக் கல்லில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றோம். அவருக்கு வேர்த்தது. வேர்வை நிற்கும்வரை உட்கார்ந்திருந்தோம். மறுநாளும் அப்படியே. நான்காம் நாள் லாரியை அவரே ஓட்டினார், நான் பக்கத்தில். அந்த வளைவில் மேலே, கீழே, மறுபடி மேலே.

பயத்தை யாரும் அழிப்பதில்லை. ஒன்றும் நடக்காத நாட்களை ஒவ்வொன்றாக அதன்மேல் எழுதுகிறோம். பழைய எழுத்து அடியில் இருக்கும். புதியது தடிமனாகிவிட்டால் மூளை அதைத்தான் படிக்கும். பதினோராம் நாள் அவர் அந்த வளைவைத் தாண்டிப் போய், “வளைவு எங்க டாக்டரய்யா, தாண்டிட்டமா?” என்று கேட்டார். மாதக் கடைசியில் பஸ் அவர் கைக்கு வந்தது.

அதற்குப் பிறகும் பல வருடம் அவர் அந்தப் பாதையில் ஓட்டினார். எண்பதுகளின் நடுவில் எனக்குக் கீழே மாற்றல் வந்தது. மூட்டை முடிச்சோடு போய் ஏறியது வெள்ளைச்சாமியின் வண்டியில். டிரைவருக்குப் பக்கத்து சீட்டைப் பாண்டி எனக்காகப் பிடித்து வைத்திருந்தான், கையில் ஒரு பாலித்தீன் பையும் கொடுத்தான். வெள்ளி நீர்வீழ்ச்சி தாண்டியது. வெள்ளைச்சாமி பாண்டியிடம் மகள் கல்யாணத்துக்குப் போட வேண்டிய பந்தலைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். அந்த வளைவு வந்தது. அவர் பேச்சு நிற்கவில்லை. கை ஆடவில்லை.

ஆனால் பஸ்ஸைத் துரத்திய அந்த லாரிப் பயணத்தில் யாரும் எனக்கு ஊசி போட்டிருக்கவில்லை. என் சுரப்பிகளே அட்ரினலினைச் சும்மா ஊற்றிக் கொடுத்திருந்தன; அவர் பயத்தின்மேல் எழுதிய நாட்களில் என் பயத்தின்மேல் எழுத மறந்துவிட்டேன். அந்த வளைவில் எனக்கு உள்ளங்கை வேர்த்தது, வாய் உலர்ந்தது. வலது கால் முழு பலத்தோடு தரையை மிதித்துக்கொண்டிருந்தது.

வெள்ளைச்சாமி ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

“டாக்டரய்யா, பிரேக்கு எங்கிட்டத்தான் இருக்கு. கால எடுங்க, தகரம் நசுங்குது.”